வாயிற்காவலும் வைத்தியமும்

திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம் வைத்தியத்தை நான்கு உறுப்புகளாகப் பகுத்துக் காட்டுகின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் என்னும் அந்நான்கனுள் நோயுற்றவனே முதலில் வைக்கப்படுகின்றான். ஏனைய மூன்றும் அவன் பொருட்டே உள்ளன என்பது அவ்வரிசையிலேயே புலப்படும். ஆயின் அண்மைக்கால அரசுகள் இந்நான்கனுள் அடங்காத ஐந்தாவது உறுப்பொன்றை வைத்தியத்தோடு சேர்த்துவிட்டன. அது வாயில். ஒரு நாட்டின் வாயிலில் நின்றுகொண்டு, உள்ளே வர விரும்பும் அந்நியனின் கண்ணையும் நெஞ்சையும் சோதிக்கும் வைத்தியன் யாருடைய வைத்தியன்? தன் முன்னே நிற்பவனுக்கு அவன் கடமைப்பட்டவனா, தன் பின்னே உள்ள நாட்டுக்குக் கடமைப்பட்டவனா? இரண்டுக்கும் என்று விடை கூறுதல் எளிது. இரண்டும் முரணும் வேளையில் அவ்விடை பயன்படுவதில்லை.

தொற்றுநோய்க்கு அஞ்சி வருவோரைத் தடுத்து வைக்கும் வழக்கம் பழையது. அத்திரியாத்திக் கடலோரத்து ரகுசா நகரம், கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் வெளியே தங்கிய பின்னரே நகருட் புகலாம் என 1377ஆம் ஆண்டிலேயே விதித்தது. கடுமையான விதியே எனினும், அது எவருடைய உடலையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. காலம் கழியட்டும் என்று மட்டுமே கேட்டது. குடிவரவுப் பரிசோதனை அத்தகையதன்று. அது ஆளைத் தனியே பிரித்து, அவனுடைய உடலைச் சாட்சியாக அழைத்து, அச்சாட்சியைக் கொண்டு அவன் தகுதியை அளக்கின்றது. தமிழர் ஊர்களில் அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகும் வழக்கம் இவ்விடத்து நினைக்கத்தக்கது. அங்கே நோயை அறிவிக்கும் பொறுப்பு வீட்டாருடையது. வரும் விருந்தினனைச் சோதிக்கும் எண்ணம் எவருக்கும் எழவில்லை. அவ்வழக்கம் அறிவியல் வழிப்பட்டதா என்பது வேறு வினா. பொறுப்பு எத்திசையில் வைக்கப்பட்டது என்பதே ஈண்டுக் கவனிக்கவேண்டியது.

இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பல்லாண்டுகள் இயங்கிய சுகாதாரப் பிரிவை இவ்வாராய்ச்சிக்கு உரிய எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பிரித்தானியாவின் 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், நாட்டினுள் வருவோரைச் சோதிக்கும் அதிகாரத்தை வைத்தியப் பரிசோதகருக்கு வழங்கியது. காசநோய் மிகுந்த நாடுகளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்க வருவோர், குடிவரவு உத்தியோகத்தரின் மேசையிலிருந்து அப்பிரிவுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே அவர்களின் நெஞ்சு எக்ஸ்-கதிர்ப் படமாக எடுக்கப்பட்டது. தெற்காசிய நாடுகளிலிருந்து மேற்படிப்புக்குச் சென்ற மாணவர் பலர், இக்காத்திருப்பைத் தவிர்க்கும்பொருட்டு, ஊரிலேயே படமெடுத்து அதனைப் பெரியதொரு கடதாசி உறையிலிட்டுக் கையோடு சுமந்து சென்றனர். பயணப் பெட்டியில் வைத்தாற் பயனில்லை. பெட்டி கைக்கு வருவது குடிவரவு மேசையைக் கடந்த பின்னரே. மடிக்கவும் இயலாது. சான்றிதழ்கள், அனுமதிக் கடிதம், வங்கிக் கணக்கு விபரம் ஆகியவற்றோடு தன் விலா எலும்புகளின் நிழலையும் ஓர் ஆவணமாக நீட்டிய முதல் தலைமுறை அது எனலாம்.

இத்தகைய சோதனை முற்றிலும் அநீதியானது என்று வாதிப்போர் உளர். அவ்வாதம் விரைந்து ஏற்கத்தக்கதன்று. ஜோன் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலிலே, ஒருவனின் சுதந்திரத்தில் சமூகம் தலையிடுதற்குப் பிறருக்கு நேரும் தீங்கைத் தடுத்தலே தக்க காரணம் என நிறுவினார். காற்றின் வழிப் பரவும் காசநோய் பிறருக்குத் தீங்கு செய்யும் என்பதில் ஐயமில்லை. வாயிலுக்கு வெளியே நிற்பவரின் கண்கொண்டு மட்டும் பார்ப்பவர், வாயிலுக்கு உள்ளே இருப்பவரின் அச்சத்தை வெறும் இனத்துவேஷம் எனத் தள்ளிவிடக்கூடும். இலங்கையின் அனுபவமே அதனை மறுக்கப் போதுமானது. 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளை இத்தீவில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. 1963இல் நாடு முழுவதிலும் பதினேழு நோயாளரே காணப்பட்டனர். நோய் ஒழிந்தது எனக் கருதிக் காவல் தளர்ந்தபோது, அப்பத்தாண்டு முடியுமுன்னரே அது இலட்சக்கணக்கானோரைத் தாக்கி மீண்டது. நெடும்போராட்டத்தின் பின் 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. ஆனால் நோயைக் காவும் நுளம்பு இன்னும் இங்கேயே இருக்கின்றது. 2018ஆம் ஆண்டின் இறுதியில், வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் இரத்தத்திலிருந்த கிருமி உள்ளூர் நுளம்பின் வழியே இந்நாட்டவர் ஒருவருக்குத் தொற்றியமை கண்டறியப்பட்டது. இத்தகைய நாடு வருவோரின் இரத்தத்தைச் சோதிக்க விரும்புதல் துவேஷமன்று. சோதிக்கும் உரிமை உண்டா என்பதைவிட, சோதனையின் மறுகணம் என்ன நிகழ்கின்றது என்பதே ஒழுக்கவியலின் கேள்வி.

அம்மறுகணத்தை ஆராயுமுன், சோதனை எதனைக் காண்கின்றது என்பதையும் அறிதல் வேண்டும். எக்ஸ்-கதிர்ப் படம் நெஞ்சறையிலுள்ள நிழலைக் காட்டும். நிழல் காசநோயா, பழைய வடுவா என்பதைச் சளிப் பரிசோதனையே உறுதிசெய்யும். அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. காசநோய்க் கிருமி தொற்றியவருட் பெரும்பாலோர் நோயாளராவதில்லை. கிருமி அவர்களின் உடலில் உறங்குகின்றது. அந்நிலையில் அவர்களால் எவருக்கும் தொற்றுவதுமில்லை. உலக மக்களுள் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் இவ்வாறு உறங்கும் தொற்றை உடையவர் என மதிப்பிடப்படுகின்றது. அவர்களுட் சிலருக்கு, நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு, வாழ்நாளில் என்றோ ஒருநாள் அது விழித்துக்கொள்ளும். குடிபெயர்ந்தோரிடம் காணப்படும் காசநோயிற் பெரும்பகுதி வந்திறங்கிய அன்று இருந்ததன்று. ஓராண்டு, ஈராண்டு, சிலவேளை பல்லாண்டுகள் கழித்துத் தோன்றுவது. நெருக்கமான அறையும், குளிரும், குறைந்த ஊதியத்தில் நீண்ட வேலையும், போதாத உணவும் அதற்குத் துணைபுரிவன. ஆகவே விமான நிலையத்து எக்ஸ்-கதிர்க் கருவியின் கண்ணுக்கு அகப்படுவது சிறு பங்கே. அவனுக்குப் பின்னாளில் வரப்போகும் நோயில் அவன் பிறந்த நாட்டுக்கும் பங்குண்டு. அவனை வாழ்விக்கும் முறையால் வந்தேறிய நாட்டுக்கும் பங்குண்டு. வாயிலிற் செய்யும் சோதனையோ முதற் பங்கை மட்டும் கணக்கிலிட்டு, இரண்டாவதை மறைத்துவிடுகின்றது.

ஐந்து மாதம் சுற்றுலா வந்து தங்குபவன் சோதிக்கப்படுவதில்லை. ஆறு மாதத்துக்கு மேற் படிக்க வருபவன் சோதிக்கப்படுகின்றான். காலம் நீள நீளத் தொற்றும் வாய்ப்பு மிகும் என்னும் நியாயம் இதற்கு உண்டு. ஆயினும் கிருமிக்கு நாட்காட்டி தெரியாது. அனைத்துலகச் சுகாதார ஒழுங்குவிதிகள், 2005இல் திருத்தியமைக்கப்பட்ட வடிவில், பயணியின் உடலினுட் புகுந்து செய்யும் பரிசோதனையை நாட்டினுள் நுழைவதற்கான நிபந்தனையாக்கலாகாது எனப் பொதுவிதி கூறிவிட்டு, தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ வதியும் அனுமதி கேட்போருக்கு அதனினின்று விலக்கு வைத்தன. வந்து போகிறவனுக்குள்ள உடற்காப்பு, வந்து தங்குகிறவனுக்குக் குறைந்துவிடுகின்றது. இவ்வேறுபாட்டைச் சட்ட நூலார் எளிதிற் கடந்துசெல்வர். மெய்யியல் மாணவன் அவ்வாறு கடத்தலாகாது.

வாயில் வைத்தியனின் இரட்டை நிலையை மிகத் தெளிவாகக் காட்டுவது விமான யுகத்துக்கு முந்திய நியூயோர்க் துறைமுகமே. 1892 சனவரி முதலாம் நாள் திறக்கப்பட்டு 1954 நவம்பர் வரை இயங்கிய எலிஸ் தீவு நிலையத்தில், ஐரோப்பாவிலிருந்து கப்பலின் கீழ்த்தட்டிற் பயணஞ்செய்த ஏழைகள் வரிசையாகப் படியேறி வந்தனர். முதலாம், இரண்டாம் வகுப்புப் பயணிகள் கப்பலிலேயே மேலோட்டமாகப் பார்க்கப்பட்டுக் கரையிறங்கிவிட்டனர். கீழ்த்தட்டினரை நோக்க வைத்தியர்க்குச் சில விநாடிகளே கிடைத்தன. ஐயத்துக்குரியவரின் மேலங்கியிற் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்து இடப்பட்டது: கண்ணுக்கு ஓர் எழுத்து, இருதயத்துக்கு ஓர் எழுத்து, முடத்துக்கு ஓர் எழுத்து, மனநிலையில் ஐயம் உண்டாயின் ஒரு பெருக்கற்குறி. கண்ணிமையைப் புரட்டிப் பார்க்கச் சப்பாத்தின் பொத்தானை மாட்டும் கொக்கியே பல வேளைகளிற் பயன்பட்டது. திரக்கோமா என்னும் கண்நோய் கண்டால் திருப்பியனுப்புதல் ஏறத்தாழ உறுதி. மேலங்கியை உட்புறம் வெளிப்புறமாக மாற்றி அணிந்து அடையாளத்தை மறைத்து உட்சென்றோர் கதைகளும் உள.

அந்நிலையத்து வைத்தியர்கள் கொடியவரல்லர். அத்தீவிலேயே பெரியதொரு வைத்தியசாலை இருந்தது. அங்கே பலர் குணமடைந்து உள்ளே சென்றனர். வந்தோரின் விதியைத் தீர்மானிக்கும் விசாரணைச் சபைகளில் உறுப்பினராக அமர்வதற்கு அவ்வைத்தியர்கள் உடன்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. நோய் உண்டு, இல்லை என்று சான்றளிப்பதே தம் தொழில். அனுமதிப்பதும் மறுப்பதும் குடிவரவு உத்தியோகத்தரின் தொழில் என அவர்கள் கருதினர். தொழிலின் தூய்மையைக் காக்க அவர்கள் இட்ட எல்லைக்கோடு இது. மதிக்கத்தக்கது, ஆனால் போதுமானதா? திரக்கோமா என்று எழுதினால் அடுத்த கப்பலில் அனுப்பிவிடுவர் என்பதை அறிந்தே எழுதுபவன், எழுதியதோடு தன் பொறுப்பு முடிந்தது எனக் கூற இயலுமா? நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்லும் சாட்சி தண்டனைக்குப் பொறுப்பல்லன் என்பது மெய்யே. ஆயின் சாட்சி முன்பு நிற்பவன், அவன் சாட்சி என்பதை அறிவான். வைத்தியன் முன்பு நிற்பவனோ வைத்தியனைக் காண்கின்றான். சட்டையைக் கழற்றுவதும், நாவை நீட்டுவதும், பழைய நோயைச் சொல்வதும் அந்நம்பிக்கையினால்தான். வெள்ளை மேலங்கி பெற்றுத்தரும் நம்பிக்கையைச் சீருடையின் பணிக்குச் செலவிடுதல், சான்று உண்மையாக இருந்தபோதிலும், ஒருவகை வஞ்சனையே.

அவ்வஞ்சனை எதுவரை செல்லும் என்பதை 1979 சனவரியில் ஹீத்ரோ காட்டியது. இந்தியாவிலிருந்து முப்பத்தைந்து வயதுடைய ஆசிரியை ஒருவர், பிரித்தானியாவில் வதியும் ஒருவரை மணம்புரிய வந்திறங்கினார். அந்நாளைய விதிப்படி, மூன்று மாதத்துள் மணம் முடிக்க வரும் பெண்ணுக்கு விசா தேவைப்படவில்லை. ஏற்கெனவே மணமான மனைவியாயின் முன்னனுமதி பெறவேண்டும், அதற்கோ நீண்ட காத்திருப்பு. அவர் உண்மையில் மனைவியாக இருக்கலாம் என உத்தியோகத்தர் ஐயுற்றனர். ஐயத்தைத் தீர்க்க அவர்கள் ஆவணத்தை நாடவில்லை. அவரை வைத்தியரிடம் அனுப்பினர். அவர் கன்னியா அல்லவா என ஆண் வைத்தியர் ஒருவர் சோதித்தார். பெப்ரவரி முதலாம் நாள் 'கார்டியன்' பத்திரிகை இதனை வெளியிட்டது. மறுநாளே உள்நாட்டமைச்சர் மேர்லின் றீஸ் அவ்வழக்கத்தை நிறுத்தினார். ஒரு தவறிய உத்தியோகத்தரின் தனிச்செயல் என அது மறக்கப்பட்டிருக்கும். ஆனால் அவுஸ்திரேலியாவின் பிளின்டேர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் பிரித்தானிய ஆவணங்களை ஆராய்ந்து கண்டவை 2011இல் வெளிவந்தன: எழுபதுகளில், இந்தியாவிலிருந்த பிரித்தானிய அலுவலகங்களில் எண்பதுக்குக் குறையாத பெண்கள் இவ்வாறு சோதிக்கப்பட்டிருந்தனர்.

இங்கே நோய் எங்கே? தொற்று எங்கே? காக்கப்படவேண்டிய பொதுமக்கள் யாவர்? ஒன்றும் இல்லை. அறையும் வைத்திய அறைதான். கையுறையும் வைத்தியரின் கையுறைதான். சுகாதாரம் மட்டும் அங்கே இல்லை. அச்சோதனையால் எதனையும் நிறுவ இயலாது என்பதையும் மருத்துவ அறிவு உடையோர் அறிவர். 2018இல் உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் ஏனைய அமைப்புகளும் அதற்கு விஞ்ஞான ஆதாரம் ஏதுமில்லை என வெளிப்படையாகக் கூறின. அதே காலப்பகுதியில் பிள்ளைகளின் வயதை அறிவதற்காக அவர்களின் எலும்புகளை எக்ஸ்-கதிர்ப் படமெடுக்கும் வழக்கமும் இருந்தது. பிள்ளைக்கு ஒரு நன்மையும் பயவாத கதிர்வீச்சு, தகப்பன் பொய் சொன்னானா என அறிவதற்காகப் பிள்ளையின் மேற் பாய்ச்சப்பட்டது. 1982இல் அதுவும் கைவிடப்பட்டது. நோயைத் தேடும் சோதனைக்கும் பொய்யைத் தேடும் சோதனைக்கும் இடையிலுள்ள சுவர், வாயிலில் எவ்வளவு மெல்லியது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

அவ்வாசிரியை சம்மதித்துக் கையொப்பமிட்டார் என்பது அன்று கூறப்பட்ட சமாதானம். அவர் கையொப்பமிட்டது மெய்யே. மறுத்தாற் திருப்பியனுப்பிவிடுவர் என அஞ்சியே இட்டதாக அவர் கூறினார். சம்மதம் என்னும் சொல் மருத்துவ ஒழுக்கவியலிற் பெரிதும் போற்றப்படுவது. ஆயின் மறுப்பதற்கு இடமில்லாத இடத்திற் சம்மதம் என்பதும் இல்லை. இருப்பது கீழ்ப்படிதல் மட்டுமே. பல்லாயிரம் மைல் கடந்து, இருந்த சேமிப்பைப் பயணச்சீட்டுக்குச் செலவிட்டு, இரவு முழுவதும் உறங்காது வந்து நிற்பவருக்கு எந்தச் சோதனையையும் மறுக்கும் வலிமை இல்லை. நியாயமான எக்ஸ்-கதிர்ப் படத்துக்கும் அவர் இதே நிலையில் நின்றே உடன்படுகின்றார் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். எனவே கையொப்பத்தைக் கொண்டு நல்ல சோதனையைத் தீய சோதனையினின்று பிரித்தல் இயலாது. சோதிக்கப்படுபவர் அச்சோதனையின் முடிவில் எவ்வாறு நடத்தப்படுகின்றார் என்பதைக் கொண்டே பிரித்தல் கூடும். நிழல் கண்டவுடன் அவருக்கு மருந்து கிடைக்குமாயின், அவர் இன்னும் நோயாளியே. வள்ளுவர் வகுத்த நான்கனுள் முதலாவது அவருடையதே. நிழல் கண்டவுடன் அவர் விமானமேற்றப்படுவாராயின், அங்கே நடந்தது வைத்தியமன்று, சுங்கச் சோதனை.

இம்முடிபுக்கு ஒரு தடை எழுப்பலாம். வேற்று நாட்டவனுக்கு மருந்து கொடுக்கும் கடமை ஓர் அரசுக்கு எங்ஙனம் வந்தது? அவனை உள்ளே எடுக்காவிடின் அக்கடமையே எழாது அன்றோ? இத்தடையிற் சரக்கு இருக்கின்றது. ஆயின் ஒருவனின் உடலைத் திறந்து பார்க்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்ட கணத்திலேயே ஓர் உறவு தொடங்கிவிடுகின்றது. அவனே அறியாத நோயை அறிந்தவர், அறியாதவரைப் போல் விலகிக்கொள்ள இயலாது. தெருவிற் போகின்றவனுக்கு வைத்தியன் கடமைப்படவில்லை. அவனை நிறுத்திக் கைபிடித்து நாடி பார்த்தபின் கடமைப்பட்டுவிட்டான்.

வாயிலை வெளியே நகர்த்திவிட்டால் இச்சங்கடம் தீருமென அரசுகள் கண்டன. நோயுற்றவரை ஏற்றிவந்த கப்பற் கம்பனிகளுக்கு ஆளுக்கு 100 டொலர் தண்டம் என ஐக்கிய அமெரிக்கா 1903இல் விதித்தபோது, கம்பனிகளே ஐரோப்பியத் துறைமுகங்களில் ஏழைகளைச் சோதிக்கத் தொடங்கின. தமிழருக்கு இது புதிய செய்தியன்று. இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர், இந்தியக் கரையிலுள்ள மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமிற் பல நாள் தடுத்து வைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டு, உடைகள் நோய்நீக்கப்பட்ட பின்னரே கப்பலேறினர். முகாம்கள் தோன்றுமுன் வடபாதை வழியே மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் வாந்திபேதியால் வழியிலேயே மாண்டனர் என்பதையும் மறத்தலாகாது. தடுத்து வைத்தமை அவர்களையும் ஓரளவு காத்தது. ஆனால் அம்முகாமிற் காக்கப்பட்டது தொழிலாளியின் உயிரா, தோட்டத்தின் உழைப்புச் சக்தியா என்று வினவினால், விடை அத்துணை ஆறுதல் தராது.

2012இல் பிரித்தானியாவும் ஹீத்ரோவிலும் கட்விக்கிலும் இருந்த எக்ஸ்-கதிர்ச் சோதனையைக் கைவிட்டு, விசாக் கேட்போர் புறப்படும் நாட்டிலேயே சோதிக்கப்படும் முறையை விரிவாக்கியது. மருத்துவ நோக்கில் இது சிறந்ததே. விமானத்தில் ஏறுமுன்னரே நோய் அறியப்படுகின்றது. சளியும் முறையாகச் சோதிக்கப்படுகின்றது. நோய் கண்டவர் ஆறு மாதம் போல மருந்துண்டு குணமடைந்தபின் மீண்டும் விண்ணப்பிக்கலாம். அவமானமும் குறைவு. எனினும் சோதனைச் செலவு விண்ணப்பிப்போனுடையது; நோய் கண்டால் மருந்துச் செலவும் காத்திருப்பும் அவன் நாட்டினுடையவை. கடமை தீர்க்கப்படவில்லை, வாயிலோடு சேர்த்து நகர்த்தப்பட்டது. இலங்கையோ இன்று இருபுறமும் நிற்கின்றது. இந்நாட்டு மாணவன் இலண்டன் செல்லக் கொழும்பில் நெஞ்சைப் படமெடுக்கின்றான்; அதே நகரில், வதிவிட விசாக் கேட்கும் வெளிநாட்டவரிடம் மலேரியா, யானைக்கால், காசநோய், எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கான சோதனையை இலங்கை கேட்கின்றது. 2018இல் அத்தொழிலாளியின் கிருமி அறியப்பட்டபோது நடந்தது தேடுதலும் மருந்தும் நுளம்பொழிப்பும் ஆகும். மலேரியாவில் இதனைச் செய்யும் நாடு எச்.ஐ.வி.யிலும் இதனையே செய்யுமா என்பதை, சாயங்காலம் தேநீர்க்கடையிற் பிறநாட்டுக் குடிவரவு உத்தியோகத்தரை வசைபாடுவோர் தமக்குள்ளே கேட்டுப் பார்க்கலாம்.

ஹீத்ரோப் பிரிவின் பணியில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. சோதிக்கப்பட்டோர் பற்றிய படிவம், அவர்கள் தங்கப்போவதாகக் கூறிய முகவரிக்குரிய பிரதேசச் சுகாதார அதிகாரிக்கு அனுப்பப்பட்டது. அவர் அழைத்து மேலும் சோதிக்கவேண்டும். உறங்கும் தொற்றுக்கு மருந்து தரவேண்டும். ஒரு வைத்தியரிடம் பதிவுசெய்விக்கவேண்டும். முழு ஏற்பாட்டிலும் வந்தவனுக்காக இருந்தது இதுவே. முகவரிகள் பல அரைகுறையாக எழுதப்பட்டிருந்தன. முதலிரவு தங்கிய உறவினர் வீட்டைவிட்டு, வேலை கிடைத்த ஊருக்குப் பலர் போய்விட்டிருந்தனர். கடிதம் போய்ச் சேர்ந்த வீட்டில் அப்பெயருடையார் எவரும் இருக்கவில்லை.